ஆக மொத்தம்: கல்வெட்டுக் காலத்துக் கூட்டலிலிருந்து நம்ம கம்ப்யூட்டர் வரை

குழுக் கூட்டத்தில் எல்லாரும் சேமிப்பு கட்டி முடிச்ச பிறகு, நோட்டில் கடைசிப் பேருக்குக் கீழே ஒரு கோடு போட்டு "ஆக" என்று எழுதுகிறோம். பக்கத்தில் ஒரு தொகை. அந்தத் தொகையும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குக் கிளம்புவோம். ஒத்துப்போகலேன்னா மறுபடியும் முதலிலிருந்து கூட்டணும்.

இந்த "ஆக" என்ற சின்னச் சொல்லுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலமோ, ஆடோ, நெல்லோ வரிசையாக எழுதி முடித்ததும் "ஆக" என்று போட்டுத்தான் மொத்தம் சொல்வார்கள். இன்றைக்கு நம்ம கூட்டமைப்பில் நோட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. எக்செல் ஷீட்டில் மொத்தம் தானாக வந்து நிற்கிறது. ஆனால் கூட்டலில் உள்ள பழைய சிக்கல் ஒன்று மட்டும் மாறவே இல்லை. கூட்ட வேண்டிய வரிகளின் எண்ணிக்கை மாசத்துக்கு மாசம் மாறினால், மொத்தம் அத்தனை வரியையும் சேர்த்துக்கொண்டதா என்று எப்படித் தெரியும்?

போன மாசம் 12 பேர், இந்த மாசம் 13 பேர், அடுத்த மாசம் ஒருத்தர் விலகி ஒருத்தர் சேருவார். குழு என்றால் அப்படித்தான். இந்த மாறுகிற வரியை அந்தக் காலத்து ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள், இயந்திரம் எங்கே தடுக்கி விழுந்தது, நாம் என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தஞ்சாவூரில் நானூறு பெண்கள்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனவர்கள் சுவர் முழுக்க எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு நீளமான கல்வெட்டு பெண்களின் பெயர்ப் பட்டியல். முதலாம் இராசராச சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் பாடல் தெரிந்த 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, பெரிய கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் குடிவைத்தான். அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு சொல்கிறது. ஒவ்வொருத்தர் பேரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல்.

இதைக் கணக்கு எழுதுகிறவர் கண்ணோடு பாருங்கள். நானூறு வரி, ஒவ்வொரு வரியிலும் நூறு கலம், ஆக நாற்பதாயிரம் கலம் நெல். ஆனால் ஒருத்தர் இறந்துபோனால் என்ன ஆகும்? ஊரை விட்டுப் போனால்? அதற்கும் அந்தக் கல்வெட்டிலேயே விதி இருக்கிறது. பங்கு பெற்றவருக்குப் பிறகு அவருக்கு நெருங்கிய உறவினர் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்யலாம். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதாவது ஆள் மாறலாம், வரி மாறாது. நானூறு என்றால் எப்போதும் நானூறு. கல்லில் வெட்டியதை மாசா மாசம் அழித்து எழுத முடியாதே! மாறுகிற வரிக்கு அந்தக் காலத்து அரண்மனை கண்ட வழி, வரியை மாறவிடாமல் நிறுத்திவைப்பது. கொடுக்கிறவர் ஒருவர், பெறுகிறவர்கள் இத்தனை பேர் என்று மேலேயிருந்து முடிவு செய்கிற கணக்குக்கு அது பொருந்தும். நம்ம குழுவுக்குப் பொருந்தாது. நம்ம குழுவில் புதுசா ஒரு பெண் வந்து "நானும் சேரலாமா அக்கா?" என்று கேட்டால், வரி காலியாகும் வரை காத்திரு என்று சொல்ல மாட்டோம். கீழே ஒரு வரி புதிதாகப் போடுவோம்.

ஆச்சிமார் பணமும் ஐந்தொகையும்

நம்ம பக்கத்துக்கு வருவோம். அமராவதிபுதூரைச் சுற்றி காரைக்குடி, தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். அந்த வீடுகள் எழுந்ததற்குப் பின்னால் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து நடந்த லேவாதேவித் தொழில் இருக்கிறது. அந்தத் தொழிலின் முதுகெலும்பு கணக்குப் புத்தகம்.

வட்டிக்கடையில் சிறுவனாகப் போய்ச் சேருகிறவன் பெட்டியடிப் பையன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கு கற்றுக்கொள்வான். பிறகு அடுத்தாள், அதற்கும் மேலே போனால் கடையை நடத்துகிற மேலாள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு ஒப்பந்தத்தில் வெளிநாட்டுக்குப் போவார்கள். அன்றாடம் நடப்பதைக் குறிப்பில் எழுதுவார்கள். அதிலிருந்து ஒவ்வொருத்தர் பேரிலும் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு ஐந்தொகை எடுப்பார்கள். பேரேட்டில் உள்ள ஒவ்வொரு பேரின் நிலுவையையும் எடுத்து ஒரே இடத்தில் எழுதி, வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பதுதான் ஐந்தொகை. கணக்கு கடல் தாண்டி ஊரிலிருக்கும் முதலாளிக்கு வந்து சேரும். அவர் ரங்கூன் பக்கமே போகாமல் திண்ணையில் உட்கார்ந்தபடி கடையின் நிலையைத் தெரிந்துகொள்வார்.

மாறுகிற வரிக்கு இங்கேதான் ஒரு நல்ல பதில் கிடைக்கிறது. கடன் வாங்குகிறவர்கள் மாசா மாசம் மாறுவார்கள். புதுப் பேர் வரும், பழைய பேர் கணக்கு முடிந்து போகும். பேரேட்டில் யாரையாவது விட்டுவிட்டால் ஐந்தொகையில் ஒரு பக்கம் குறையும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. விட்டுப்போன வரியைத் தேடிப் பிடிக்கும் வரை தூக்கம் கிடையாது. ஒரு கூட்டலை இன்னொரு கூட்டலால் சோதிப்பது என்பது இதுதான். வரி எத்தனை ஆனாலும் இந்தச் சோதனை செல்லும்.

இதில் பெண்களின் பங்கையும் மறக்கக் கூடாது. கல்யாணத்தில் பெண்ணுக்குத் தந்த சீதனப் பணம் சொந்தக்காரர்களின் வட்டிக்கடையில் அந்தப் பெண் பேரில் வைப்பாக இருக்கும், வட்டி சேர்ந்து வளரும். ஆச்சிமார் பணம் என்றே அதற்குப் பெயர். கடை ஆண்கள் கையில் இருந்தாலும் பேரேட்டில் ஆச்சிக்கு ஒரு தனி வரி இருந்தது. நம்ம அப்பத்தாமார் அரிசிப்பானைக்குள் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணத்துக்கு அந்த வரியும் இல்லை. யாரும் எழுதாத பணம் அது. குழு வந்த பிறகுதான் அந்தச் சிறுவாடு நோட்டில் ஏறியது.

கணக்கு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார் கைவசம் இருந்தது. 1937 வாக்கில் அது நூற்றுக்கு 25 பங்கு ஆனது. புத்தகம் ஒரு பைசா பிசகாமல் இருந்தது, உழுதவர் கையில் நிலம் இல்லை. கடன் கொடுக்கிற இடத்தில் நாமும் இருக்கிறோம், அதனால் இது நமக்கும் பாடம்தான்.

அதே 1937ஆம் வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி, சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் மூன்று ஊரில் கதவைத் திறந்தது. சென்னை, ரங்கூன், மூன்றாவது நம்ம காரைக்குடி. திண்ணைக் கணக்கு வங்கிக் கணக்காக மாறிய காலம் அது.

முந்திரி, காணி, அணா, நயா பைசா

அந்தக் காலத்துக் கூட்டல் இன்றைக்கு நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து. ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்று நேராக அடுக்கிக் கூட்டுகிற வசதி அதில் குறைவு. அதற்கு மேல் பின்னங்கள் வேறு: மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் கணக்கு வரும். அந்தத் திண்ணையில் பெண்பிள்ளைகளுக்கு இடம் அபூர்வம்.

பிறகு ரூபாய், அணா, பை வந்தது. 12 பை ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய். ஒரு பத்தியில் 7 பையும் 9 பையும் இருந்தால் 16 என்று எழுத முடியாது. அதில் 12ஐக் கழித்து 4 பை எழுதி, ஒரு அணாவை அடுத்த பத்திக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே 12 அணாவும் 9 அணாவும் கொண்டுவந்த 1 அணாவும் சேர்ந்து 22 ஆகும். அதில் 16 போக 6 அணா எழுதி, ஒரு ரூபாயை அடுத்த பத்திக்குத் தள்ள வேண்டும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று ஆன பிறகுதான் எல்லாப் பத்தியும் பத்துப் பத்தாகக் கூட்டுகிற மாதிரி ஆனது. வீட்டில் வயதானவர்கள் இன்றைக்கும் நாலணா, எட்டணா என்று சொல்வது அந்தப் பழைய கணக்கின் மிச்சம்.

பக்கம் முடிந்தால் என்ன செய்வது என்பதற்கும் அப்போதே வழி இருந்தது. பக்கத்தின் அடியில் அதுவரை வந்த தொகையை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் "முன்பக்கத் தொகை" என்று அதையே முதல் வரியாக எழுதுவார்கள். நாமும் ரொக்கப் புத்தகத்தில் இதைத்தான் செய்கிறோம். வரி எவ்வளவு நீண்டாலும் மொத்தம் கூடவே நடந்து வரும்.

நம்ம குழுக்கள் வந்த கதை

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ல் தொடங்கப்பட்டது. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவியது. 1992ல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனைத் திட்டம் கொண்டுவந்தது. 1997–98ல் மகளிர் திட்டம் மாநில அரசின் நிதியோடு தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. அதே 1990களில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

குழு என்றால் ஐந்து விஷயம் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கு. இதைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள். ஐந்தாவது இல்லையென்றால் முதல் நாலும் நடந்ததற்குச் சாட்சி இல்லை. வங்கி நம்மிடம் பத்திரமா கேட்கிறது? நிலமா கேட்கிறது? குழு நோட்டைத்தானே கேட்கிறது! சேமிப்பும் குழு நிதியும் எவ்வளவு என்று பார்த்துத்தான் கடன் அளவு முடிவாகிறது. அப்படியானால் நம்ம சொத்துப் பத்திரம் எது? அந்த மொத்தம்தான்.

குழுவிலிருந்து ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, அதிலிருந்து வட்டாரக் கூட்டமைப்பு என்று கணக்கு மேலே போகப் போக ஒரு குழுவின் மொத்தம் அடுத்த இடத்தில் ஒரே ஒரு வரியாக மாறிவிடுகிறது. கீழே ஒரு வரி விட்டுப்போனால் மேலே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. 2015ல் நபார்டு இ-சக்தி என்று குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் திட்டம் ஆரம்பித்தது. இப்போது கைபேசிச் செயலியிலும் கணக்கு ஏறுகிறது. ஆனாலும் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்க்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அதனால் அந்த ஷீட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கரும்பலகையிலிருந்து வந்த ஷீட்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாடியே அமெரிக்காவில் கணக்கர்கள் அகலமான காகிதத்தை மேஜையில் விரித்துக் கட்டம் கட்டமாக எழுதுவார்கள். விரித்த தாள் என்பதால்தான் ஸ்ப்ரெட்ஷீட் என்று பேர். 1978ல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், வகுப்பில் கரும்பலகைக் கணக்கில் ஒரு எண் மாறினால் அதோடு தொடர்புள்ள எல்லா எண்ணையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து 1979ல் விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். அதில் 254 வரி, 63 பத்தி.

1983ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985ல் எக்செல் வந்தது, அதில் 16,384 வரி. 1997ல் அது 65,536 வரி ஆனது. 2007லிருந்து 10,48,576 வரி. நம்ம நாட்டில் ஒரு வருஷம் கல்யாணம் நடந்த வீடுகளின் மொய் நோட்டையெல்லாம் ஏற்றலாம் போல ஆகிவிட்டது!

இடம் பெருகியதே தவிர, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை கூட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியது மட்டும் இன்றைக்கும் மனுஷர் வேலை. இயந்திரம் சொன்னதைத்தான் கூட்டும். பி பத்தியில் 2ஆம் வரியிலிருந்து 13ஆம் வரி வரை கூட்டு என்று சொன்னால் 14ஆம் வரியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

விட்டுப்போன வரிகள்: உலகம் பார்த்த இரண்டு சம்பவங்கள்

பெரிய படிப்பு படித்தவர்களுக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2010ல் கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள், நாடுகளின் அரசுக் கடன் அளவுக்கு மேல் போனால் வளர்ச்சி விழுந்துவிடும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினார்கள். 2013ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களின் எக்செல் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்க வேண்டியது 30ஆம் வரியிலிருந்து 49 வரை. ஃபார்முலாவில் இருந்தது 30லிருந்து 44 வரை. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளும் சுட்டிக்காட்டப்பட்டன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்டது 2.2 சதவீதம் என்று மாறியது. வரி விட்டுப்போனது அதில் ஒரு பங்குதான். ஆனாலும் மூன்று வருஷம் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது கொரோனா காலத்தில். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள். பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்தப் பழைய கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடம் இல்லை. நிறைந்த பிறகு வந்த வரிகள் சத்தமில்லாமல் வெளியே நின்றுவிட்டன. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கை சொல்லும் வேலையும் அதனால் தாமதமானது.

இரண்டிலும் மொத்தம் என்று ஒரு எண் வந்து நின்றது, பார்க்கச் சரியாகவே இருந்தது. கூட்டல் தப்பினால் கம்ப்யூட்டர் மணி அடிக்காது. கொரோனா கணக்கில் விட்டுப்போனவர்கள் புதிதாகப் பட்டியலில் வந்தவர்கள், கடைசியில் வந்தவர்கள்.

நம்ம ஷீட்டில் என்ன நடக்கிறது

இதை நம்ம குழுவில் வைத்துப் பார்ப்போம். 12 பேர், ஆளுக்கு 200 ரூபாய், ஆக 2,400. ஷீட்டில் கூட்டல் ஃபார்முலா 2ஆம் வரியிலிருந்து 13ஆம் வரி வரை. அடுத்த மாசம் ஒரு தங்கச்சி புதிதாகச் சேருகிறார். 13ஆம் வரிக்குக் கீழே, மொத்தத்துக்கு மேலே ஒரு வரி நுழைத்து அவர் பேரையும் 200ஐயும் எழுதுகிறோம். பெட்டியில் 2,600 இருக்கிறது. ஷீட்டில் 2,400 காட்டலாம். சில சமயம் எக்செல் தானே ஃபார்முலாவை நீட்டிக்கொள்ளும், சில சமயம் நீட்டாது. அதனால் அதை நம்பி இருக்க முடியாது. பட்டியலுக்கு நடுவில் வரி நுழைத்தால் ஃபார்முலா நீளும். விளிம்பில் சேர்த்தால்தான் ஆபத்து. புதுசா வருகிறவர் எப்போதும் விளிம்பில்தானே வருகிறார்!

200 ரூபாய் பெட்டியில் அதிகமாக இருந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். "முன்னாடி எதையோ கூட்டாம விட்டிருப்போம்" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் மேலே போன கணக்கில் அந்தத் தங்கச்சியின் சேமிப்பு இல்லை. கூலி வேலைக்குப் போய் மிச்சம் பிடித்த காசு அது. நாளைக்கு அவர் பிள்ளை படிப்புக்குக் கடன் கேட்கும்போது "உங்க சேமிப்பு கணக்கில் காணோமே" என்று ஒருத்தர் சொன்னால், அவர் அடுத்த கூட்டத்துக்கு வருவாரா? குழுக்கள் உடைகிறது பெரும்பாலும் பெரிய மோசடியால் இல்லை. இந்த மாதிரி ஒரு சின்ன "காணோம்" போதும்.

வேறு சில இடங்களிலும் தப்பு வரும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பிளஸ் போட்டுக் கூட்டியிருந்தால், விலகிய உறுப்பினரின் வரியை அழித்ததும் மொத்தமே பிழை என்று வந்துவிடும். கட்டத்தில் "200 ரூ" என்று எழுத்தையும் சேர்த்து அடித்தால் கம்ப்யூட்டர் அதை எண்ணாக எடுக்காது. கூட்டல் ஃபார்முலா பேசாமல் தாண்டிப் போய்விடும். கூட்டமைப்பு ஷீட்டில் இன்னொன்று: மூன்று குழுவுக்கு 2,400, 2,600, 3,000 என்று நடுநடுவே மொத்தம் போட்டு, கடைசியில் முழுப் பத்தியையும் கூட்டினால் 8,000க்குப் பதில் 16,000 வரும். ஒவ்வொரு ரூபாயும் இரண்டு தடவை கூடிவிட்டது. 16,000 என்று காட்டிவிட்டுப் பெட்டியில் 8,000 இருந்தால் பழி யார் தலையில் விழும்? நோட்டு எழுதுகிற பெண் தலையில்தான்.

செய்ய வேண்டியவை

பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பழைய கணக்கர்கள் செய்ததை ஷீட்டில் செய்தால் போதும்.

முதலாவது, வேலி வரி. கடைசிப் பேருக்கும் மொத்தத்துக்கும் நடுவில் ஒரு காலி வரியை விட்டு, அதற்கு மஞ்சள் நிறம் கொடுங்கள். கூட்டல் ஃபார்முலா அந்த மஞ்சள் வரியையும் சேர்த்தே இருக்கட்டும். புது உறுப்பினரை எப்போதும் மஞ்சளுக்கு மேலேதான் நுழைக்க வேண்டும். அப்போது அவர் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறார். காலிக் கட்டத்தைக் கூட்டுவதால் தொகை மாறாது.

இரண்டாவது, மொத்தத்தை மேலே கொண்டுவருவது. முன்பக்கத் தொகையைத் தலையில் எழுதுகிற மாதிரி, மொத்தத்தை முதல் வரியில் வைத்து, பேர்கள் 5ஆம் வரியில் ஆரம்பிக்கட்டும். ஃபார்முலாவை 5லிருந்து 1000 வரை என்று போட்டுவிட்டால் கீழே எத்தனை பேர் சேர்ந்தாலும் கவலை இல்லை. மொத்தம் இருக்கிற கட்டம் மட்டும் அந்த எல்லைக்குள் வரக்கூடாது. தன்னையே தான் கூட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் குழம்பும்.

மூன்றாவது, எக்செல்லிலேயே உள்ள டேபிள் வசதி. பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் பட்டியல் முழுவதும் ஒரே டேபிள் ஆகும். அதில் மொத்த வரியையும் இயக்கிக்கொள்ளலாம். கடைசிப் பேரின் கடைசிக் கட்டத்தில் டேப் விசையை அழுத்தினால் மொத்தத்துக்கு மேலே புது வரி தானே வரும், கூட்டலும் தானே நீளும். நடுநடுவே குழு மொத்தம் போடுகிற கூட்டமைப்பு ஷீட்டில் சாதாரணக் கூட்டலுக்குப் பதில் சப்டோட்டல் என்ற ஃபார்முலாவைப் போடுங்கள். அது மற்ற சப்டோட்டல்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் கூட்டும், இரட்டிப்பு வராது.

நாலாவது, விலகியவரின் வரியை அழிக்காதீர்கள். பக்கத்தில் "விலகினார்" என்று தேதி போட்டு, அவருக்குத் திருப்பிக் கொடுத்த தொகையை எழுதுங்கள். செட்டிநாட்டுப் பேரேட்டில் கணக்கு முடிந்த பேரைக் கிழித்தெறிய மாட்டார்கள், கணக்கு முடிந்தது என்றுதான் எழுதுவார்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம், இதற்கு ஃபார்முலாவே வேண்டாம். ஒவ்வொரு மொத்தத்துக்கும் பக்கத்தில் "எத்தனை பேர்" என்று இன்னொரு எண் எழுதுங்கள். தஞ்சாவூர்க் கல்லில் நெல் அளவோடு பெண்கள் எத்தனை பேர் என்பதும் இருந்தது. நம்ம ஷீட்டில் 2,600 என்று மட்டும் எழுதாமல் "13 பேர், 2,600 ரூபாய்" என்று எழுதணும். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர்களை எண்ணினால் 13 வர வேண்டும். ஷீட்டில் 12 பேர் என்று வந்தால் யாரோ ஒருத்தர் வெளியே நிற்கிறார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிடும். பெட்டிப் பணம் ஒரு சோதனை, உறுப்பினர் பாஸ்புக் இரண்டாவது, தலை எண்ணிக்கை மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போனால் அதுதான் நம்ம ஐந்தொகை.

கம்ப்யூட்டர் தெரிந்த ஒருத்தர் கையில் மட்டும் இந்த வேலையை விட்டுவிடுவதும் நல்லதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் தலை எண்ணத் தெரியும். "நாம பதிமூணு பேரு இருக்கோம், அதுல எத்தனை பேரு இருக்கு?" என்று கேட்க எல்லா உறுப்பினருக்கும் உரிமை உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டால் நோட்டு எழுதுகிறவர் கோபப்பட வேண்டாம், அவரைக் காப்பாற்றுகிற கேள்வி அது.

தளிச்சேரிப் பெண்டுகளின் வரியை அரசன் எழுதினான். ஆச்சிமார் பணத்தின் வரியைக் கடை மேலாள் எழுதினார். நம்ம வரியை நாமே எழுதுகிறோம், நாமே கூட்டுகிறோம். இந்த மலர் கையில் கிடைத்த பிறகு வருகிற முதல் கூட்டத்தில், ஒவ்வொரு குழுவும் தங்கள் ஷீட்டைத் திறந்து, கடைசியாகச் சேர்ந்த உறுப்பினரின் தொகையை ஒரு ரூபாய் கூட்டிப் பார்க்கவும். மொத்தமும் ஒரு ரூபாய் கூடினால் சரி, பழையபடி மாற்றி வைத்துவிடலாம். கூடவில்லை என்றால் அன்றைக்கே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டமைப்புக்கும், இனிமேல் புதிதாகச் சேரப்போகிற எல்லாத் தங்கச்சிமாருக்கும் வாழ்த்துகள்.